24 தீப்பெட்டியில் ஒரு டிசம்பர்: பிள்ளைகளுக்கு வீட்டிலேயே அட்வெந்து காலண்டர் செய்யும் முறை

கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் காலம்தான் அட்வெந்து. டிசம்பர் 1 முதல் 24 வரை தினமும் ஒரு அறையைத் திறந்து, உள்ளே இருக்கும் சீட்டில் எழுதியதைச் செய்வதுதான் அதன் காலண்டர். முதல் வருஷம் நான் செய்தது டிசம்பர் 11-ம் தேதியோடு நின்றுபோனது. பிள்ளைகள்மேல் குறை சொல்ல முடியாது. நான் எழுதிவைத்த சீட்டுகள் அப்படி. 'பஞ்சில் பனிமனிதன் செய்', 'பிஸ்கட்டில் வீடு கட்டு' என்று எங்கெங்கோ பார்த்ததை எல்லாம் எழுதிப் போட்டிருந்தேன். டியூட்டி முடிந்து நான் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள வீட்டுக்கு வந்து சேரவே ஏழு மணி ஆகிவிடும். பெரியவனுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. சின்னவள் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே சுற்றினாள். மூன்று நாள் பாக்கி விழுந்தது, அது ஆறு நாளானது, அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

மறு வருஷம் ஒன்றை மட்டும் மாற்றினேன். புது வேலை எதையும் சேர்க்கவில்லை. ஸ்டார் கட்டுவது, குடில் வைப்பது, கல்கல் பலகாரம் போடுவது, தையல்கடையில் துணி வாங்கப் போவது என்று டிசம்பரில் எப்படியும் வீட்டில் நடக்கிற வேலைகளையே துண்டு துண்டாக்கிச் சீட்டில் எழுதினேன். 24-ம் தேதி வரை ஓடியது. இப்போதும் அதே முறைதான்.

நாள் கணக்கு

சபைக் கணக்கில் அட்வெந்து டிசம்பர் 1-ல் தொடங்குவதில்லை. நவம்பர் 30 இயேசுவின் சீடர் அந்திரேயாவின் நாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் முதல் அட்வெந்து ஞாயிறு. 2026-ல் அது நவம்பர் 29. வருஷத்தைப் பொறுத்து இந்தக் காலம் 22 நாளாகவும் இருக்கும், 28 நாளாகவும் இருக்கும். பெட்டியை வருஷா வருஷம் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அதனால் டிசம்பர் 1 முதல் 24 வரை 24 அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஞாயிறுக்கும் தனியாக நான்கு மெழுகுவர்த்தி, வாரத்துக்கு ஒன்று கூடுதலாக ஏற்றினால் அந்தக் கணக்கும் சரியாகிவிடும்.

பெட்டி செய்யவெல்லாம் எனக்கு நேரமே இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இந்த வழக்கம் பிறந்தது 19-ம் நூற்றாண்டு ஜெர்மனியில், லுத்தரன் வீடுகளில். அச்சடித்த காலண்டர் வருவதற்கு முன் அங்கே கதவில் சாக்பீஸால் 24 கோடு போட்டு, தினமும் ஒன்றை அழித்துக்கொண்டு வந்தார்கள். நம் வீட்டிலும் கதவுக்குப் பின்னால் 24 கோடு போடலாம். பத்துப் பைசா செலவில்லை.

பெட்டி

எங்கள் அத்தை குடியாத்தத்தில் பிறந்தவர். தீப்பெட்டிக்குப் பேர்போன ஊர். சின்ன வயதில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டுக்கட்டாகப் பெட்டி ஒட்டியவர். நான் கடையில் அட்டைப்பெட்டி தேடிக்கொண்டிருந்தபோது, "இருபத்து நாலு தீப்பெட்டி வாங்கு, நான் ஒட்டித் தர்றேன்" என்றார். 2021 டிசம்பரிலிருந்து ஒரு பெட்டி 2 ரூபாய். மொத்தம் 48 ரூபாய். குச்சிகளை ஒரு கண்ணாடி பாட்டிலில் கொட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். நம் வீட்டு அடுப்புக்கு ஆறு மாசம் வரும்.

ஆறு ஆறு பெட்டியாக அடுக்கினால் நான்கு அடுக்கு. நான்கையும் பக்கம் பக்கமாக ஒட்டினால் 24 இழுப்பறை உள்ள குட்டி பீரோ. இதில் நான் சொதப்பியதையும் அத்தை திருத்தியதையும் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

உள்தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு வெறும் கூட்டை ஒட்டினேன். கூடு நசுங்கி, தட்டு திரும்ப உள்ளே போகவே இல்லை. சரி என்று தட்டோடு சேர்த்து ஒட்டினேன். பசை வழிந்து 7-ம் 8-ம் அறைகள் இழுக்க வராமல் ஒட்டிக்கொண்டன. அத்தை செய்தது இது: தட்டு உள்ளேயே இருக்கட்டும். ஃபெவிகாலை விரல் நுனியில் எடுத்து, பெட்டியின் அகலமான முகத்தில் நடுப்பகுதியில் மட்டும் மெல்லத் தடவவேண்டும். ஓரத்தில் அரை சென்டிமீட்டர் சுத்தமாக விட்டுவிட வேண்டும். ஆறையும் அடுக்கி, மேலே ஒரு பருப்பு டப்பாவை பாரமாக வைக்கவேண்டும். பத்து நிமிஷம் கழித்து ஒவ்வொரு தட்டையும் ஒருமுறை இழுத்து, மறுபடி தள்ளிவிட்டுக் காயவிட வேண்டும். அந்த ஒரு இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு இரவு காய்ந்தால் போதும்.

மறுநாள் நான்கு அடுக்கையும் சேர்த்து ஒட்டி, வெளிப்புறம் முழுவதும் தாள் சுற்றுங்கள். போன வருஷ மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் இதற்கு அருமையாக இருக்கும். வெளியே தெரிகிற உரசுபட்டைகளும் இந்தத் தாளுக்குள் மறைந்துவிடும். ஒவ்வொரு தட்டின் முன்முகத்திலும் ஊசியால் துளையிட்டு, ஒரு பாசிமணியை நூலில் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போட்டால் கைப்பிடி. எண்களை வரிசையாக எழுதாமல் கலைத்து எழுதுங்கள். "பதினேழு எங்கே?" என்று தேடுவது சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி விளையாட்டு.

தீப்பெட்டி சின்னதாக இருக்கிறது என்றால் வீட்டில் குவிந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகைக் கவர்களை எடுத்து, ஒரு கயிற்றில் துணி கிளிப்பால் மாட்டிவிடலாம். வாயைக் கட்டிய பழைய சாக்ஸ்கூடப் பரவாயில்லை. ஆனால் பீரோவின் அழகு அதில் வராது என்பது என் கட்சி.

பெட்டிக்குள் மிட்டாய் வைக்காதீர்கள். இரண்டே நாளில் எறும்பு வரிசை கட்டும். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அன்று காலையில் கையில் கொடுங்கள்.

உங்கள் வீட்டு டிசம்பரைத் தாளில் போடுங்கள்

சீட்டு எழுத உட்காருவதற்கு முன் ஒரு தாளில் 1 முதல் 24 வரை எழுதி, பென்சிலால் நான்கு விஷயங்களைக் குறியுங்கள். முதலாவது அரையாண்டுத் தேர்வு. அட்டவணை கையில் வராவிட்டாலும் மாதத்தின் நடுவிலிருந்து விடுமுறை தொடங்கும் வரை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். இரண்டாவது, பெரியவர்களின் டியூட்டி. நைட் ஷிப்ட் உள்ள வீட்டில் இது ரொம்ப முக்கியம். மூன்றாவது, கேரல் ரவுண்ட்ஸ் (வீடு வீடாகப் பாடி வரும் குழு) உங்கள் தெருவுக்கு வரும் நாள், சண்டே ஸ்கூல் விழா, ஒத்திகை. நான்காவது மழை. டிசம்பர் முதல் பாதியில் வங்காள விரிகுடாவில் ஏதாவது ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். மொட்டை மாடியில் செய்யவேண்டிய எதையும் 15-க்கு முன்னால் போடாதீர்கள்.

குறித்து முடித்ததும் தெரியும், ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்ய மாதத்தில் நான்கே நாள்தான் கிடைக்கிறது என்று. அதை ஒத்துக்கொண்டுதான் நான் பிரித்தேன்: இரண்டு நிமிஷச் சீட்டு 12, கால் மணி நேரச் சீட்டு 8, ஒரு மணி நேரச் சீட்டு 4. பெரியது நான்கும் சனி, ஞாயிறில் மட்டும். பரீட்சை வாரம் முழுக்க இரண்டு நிமிஷம்தான்.

இன்னொன்று, 24 சீட்டையும் முதல் நாளே உள்ளே போட்டுவிடாதீர்கள். மூன்று நாளுக்கு மட்டும் போடுங்கள், மிச்சத்தை ஒரு கவரில் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால், விருந்தாளி வந்தால், இரவோடு இரவாக மாற்றிவிடலாம். பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

சீட்டில் என்ன எழுதுவது

இரண்டு நிமிஷச் சீட்டுகள் சுலபம். 'இன்று விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பாடு.' 'ஆயாவிடம் (பாட்டியிடம்) கேள்: நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கிறிஸ்துமஸுக்கு என்ன துணி எடுத்தார்கள்?' 'பள்ளியிலிருந்து வரும் வழியில் எத்தனை வீட்டில் ஸ்டார் தொங்குகிறது, எண்ணிச் சொல்.' இந்தக் கடைசிச் சீட்டை 3-ம் தேதி ஒருமுறையும் 20-ம் தேதி ஒருமுறையும் போட்டுப் பாருங்கள். எண்ணிக்கை எகிறியிருப்பதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

தினமும் செய்வதற்கு ஒன்று வேண்டும் என்றால் பிடி அரிசி. சோறு வடிப்பதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாகச் சேர்ப்பது நம் சபைகளில் பெண்கள் காலங்காலமாகச் செய்து வந்த காணிக்கை. அந்தக் கையைப் பிள்ளையின் கையாக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேரின் பிடியும் சேர்ந்து 24-ம் தேதிக்குள் கிலோவைத் தாண்டிவிடும். யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

வேதம் வாசிக்கும் வீடு என்றால் லூக்கா சுவிசேஷத்தில் சரியாக 24 அதிகாரம். பெரியவர்கள் நாளுக்கு ஒன்று வாசிக்கலாம். பிள்ளைகளுக்கு அது நீளம். கடைசி நான்கு நாளுக்கு லூக்கா 2-ஐ மட்டும் இப்படிப் பிரியுங்கள்: 21-ம் தேதி 1 முதல் 5-ம் வசனம் வரை, பெத்லகேமுக்குப் போன பயணம். 22-ம் தேதி 6, 7 மட்டும். 23-ம் தேதி 8 முதல் 14, மேய்ப்பர்களும் தேவதூதரும். 24-ம் தேதி 15 முதல் 20.

கால் மணி நேரச் சீட்டில் எங்கள் வீட்டில் அதிகம் ஓடியது ஈர்க்குச்சி ஸ்டார். துடைப்பத்திலிருந்து தடித்த ஈர்க்குச்சியாக ஆறு உருவி, 15 சென்டிமீட்டருக்கு ஒரே அளவாக நறுக்குங்கள். மூன்று மூன்றாக நூலால் கட்டி இரண்டு முக்கோணம் செய்து, ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் வைத்து, குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஆறு இடத்திலும் நூல் சுற்றினால் ஆறுமுனை ஸ்டார். பின்னால் கலர் தாள் ஒட்டலாம். பெரிய ஸ்டார் வெளியில் தொங்கும், மழையில் நனையும். இது ஜன்னலுக்கு.

மார்கழி பிறந்ததும், அதாவது 16-ம் தேதி வாக்கில், 'எதிர் வீட்டு ஆயாவிடம் போய் ஒரு நட்சத்திரக் கோலம் கற்றுக்கொண்டு வா' என்று ஒரு சீட்டு. தெருவில் தினமும் விடிகாலையில் கோலம் போடுகிறவரிடம் கற்றுக்கொண்டு, 24-ம் தேதி இரவு நம் வாசலில் அதைப் போடவேண்டும். அந்த ஆயாவே வந்து புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

9-ம் தேதிச் சீட்டை மட்டும் நான் எந்த வருஷமும் மாற்றுவதில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் பிறந்த நாள் அது. 1870 டிசம்பர் 9, ராணிப்பேட்டை. வேலூரில் வளரும் பிள்ளைகள் சி.எம்.சி. வாசலை ஆயிரம் முறை கடந்திருப்பார்கள், அது எப்படி வந்தது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. திண்டிவனத்தில், ஐடாவின் அப்பா டாக்டராக இருந்த வீட்டில், ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் வீட்டிலும் பிரசவ வேதனை. ஆண் டாக்டரை அனுப்பவேண்டாம், நீ வா என்று இளம்பெண்ணாக இருந்த ஐடாவைக் கூப்பிட்டார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இறந்துபோன பகுதியை மென்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். கதை முடிந்ததும் சீட்டின் மறுபக்கம்: 'நீயும் மூன்று கதவைத் தட்டு.' கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மூன்று வீடு, நலம் விசாரிப்பு, அவ்வளவுதான். சின்னவள் முதல் வீட்டில் கதவைத் தட்டிவிட்டு வெட்கத்தில் ஓடி வந்துவிட்டாள். மூன்றாவது வீட்டில் உள்ளே போய் உட்கார்ந்தவளைக் கூப்பிட்டுக்கொண்டு வர நான் போகவேண்டியிருந்தது.

குடிலுக்குப் புல்

இது ஒரு நாள் வேலை இல்லை. 12 அல்லது 13-ம் தேதி தொடங்கி 24 வரை போகும், பரீட்சை வாரத்துக்கும் பொருத்தமாக இருக்கும். இரண்டு கைப்பிடி கேழ்வரகை இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டுங்கள். பழைய தட்டிலோ ஐஸ்கிரீம் டப்பா மூடியிலோ விரல் கனத்துக்கு மண் அல்லது தேங்காய் நார்த்தூள் பரப்பி நனைத்து, கேழ்வரகை நெருக்கமாகத் தூவுங்கள். ஈரத்துணியால் மூடிவைத்தால் இரண்டு நாளில் வெள்ளை முளை தெரியும். உடனே துணியை எடுத்துவிட்டு ஜன்னலோரம் வையுங்கள். இருட்டில் விட்டால் மஞ்சளாக நீண்டுவிடும். காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளிப்பதுதான் பிள்ளையின் வேலை. ஊற்றவிடாதீர்கள், வேர் அழுகி நாறும். டிசம்பர் இரவுக் குளிரில் வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் 13-ஐத் தாண்டவேண்டாம் என்கிறேன். ஒரு வருஷம் 17-ம் தேதி போட்டோம். குடிலில் ஆடுகள் மேய்வதற்குப் புல்லே இல்லை, ஈர மண்ணில்தான் நின்றன.

புல்லோடு சேர்த்து இன்னொரு நீள விளையாட்டு: குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பொம்மைகளைக் குடிலில் வைக்காமல், வீட்டின் கடைக்கோடியில் பிரிட்ஜ் மேல் வையுங்கள். தினமும் ஒரு முழம் முன்னேறட்டும். அவர்கள் குடிலை அடையவேண்டியது, சபையில் அவர்கள் வருகையை நினைக்கும் ஜனவரி 6-ம் தேதிதான். வீடு பெருக்கும்போது டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் ஒட்டகத்தைக் கண்டால் பதறவேண்டாம்.

கல்கல் நாள்

ஒரு மணி நேரச் சீட்டுகளில் இதுதான் ராஜா. கடைசி ஞாயிறு மதியத்துக்கு வையுங்கள். மைதா 250 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், உருக்கிய வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கையால் பிசிறிவிட்டு, தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடிவையுங்கள். சுண்டைக்காய் அளவு உருண்டைகளாக உருட்டிக் கொடுத்தால், பிள்ளைகள் முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்டுவார்கள். புதுச் சீப்பு இருந்தால் அதிலும் கோடு நன்றாக விழும். ஓரம் பிரிந்தால் எண்ணெயில் விரிந்துவிடும், நன்றாக ஒட்டச் சொல்லுங்கள். பொரிப்பது பெரியவர்கள் வேலை, மிதமான தீயில். அந்த நேரத்தில் பிள்ளைகள் சமையல்கட்டில் இருக்கக்கூடாது என்பதற்காகவே நான் 'தெருவுக்கான பலகாரத் தட்டுக்குப் பெயர் எழுது' என்று இரண்டாவது சீட்டு ஒன்றையும் அதே அறையில் வைத்துவிடுவேன். தீபாவளிக்கு யார் யார் வீட்டிலிருந்து தட்டு வந்தது என்று பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாக ஞாபகம் இருக்கும்.

மற்ற மூன்று பெரிய சீட்டுகள்: குடில் கட்டுவது, சவுக்குக் கிளை கொண்டுவந்து மரம் வைப்பது, வேலூர்க் கோட்டைக்கு ஒரு சாயங்காலம். கோட்டைக்குள் பரிசுத்த யோவான் ஆலயம் இருக்கிறது, ஜலகண்டேஸ்வரர் கோயிலும் மசூதியும் அதே மதிலுக்குள்தான். அகழியை ஒட்டி நடந்துவிட்டு, வரும் வழியில் லாங்கு பஜாரில் கலர் தாளும் பாசிமணியும் வாங்கிக்கொண்டு வரலாம். கூட்டத்தில் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

சண்டை, பாக்கி, கரண்ட்

இரண்டு பிள்ளை உள்ள வீட்டில் ஒற்றைப்படை நாள் ஒருவருக்கு, இரட்டைப்படை நாள் இன்னொருவருக்கு என்று பிரிப்பது வழக்கம். அப்போது 24 ஒருவருக்கே போய்விடும், அழுகை வரும். 24-ஐ மட்டும் இருவரும் சேர்ந்து திறக்கவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குச் சீட்டில் படம் வரைந்துவிடுங்கள்.

தவறிய நாளை மறுநாள் சேர்த்துச் செய்யாதீர்கள். அப்படித்தான் எங்கள் முதல் வருஷம் கவிழ்ந்தது. ஒரு டப்பாவில் 'பாக்கி' என்று எழுதி அதில் போட்டுவிடுங்கள். 26-ம் தேதியிலிருந்து பள்ளி திறக்கும் வரை "அம்மா, போர் அடிக்குது" என்று வருகிறவர்களிடம் அந்த டப்பாவை நீட்டலாம்.

பீரோவுக்கு மேலே சிவப்புத் தாள் சுற்றிய 25-வது தீப்பெட்டி ஒன்றும் எங்கள் வீட்டில் உண்டு. கரண்ட் போனால் மட்டும்தான் அதைத் திறக்கலாம். உள்ளே இருப்பது: 'சுவரில் கையால் நிழல் காட்டு. ஆடு, ஒட்டகம், கழுதை.' மழை நாளில் கரண்ட் எப்போது போகும் என்று காத்திருக்கிற பிள்ளைகளை நான் எங்கள் வீட்டில்தான் பார்த்தேன்.

எடுத்து வைப்பது

ஜனவரி 6-க்குப் பிறகு பீரோவைத் துடைத்து, பாலித்தீன் கவரில் கட்டிப் பரணில் வையுங்கள். மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தால் ராமபாணப் பூச்சி விடாது, காய்ந்த வேப்பிலை கொஞ்சம் போட்டுவிடுங்கள். சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் சேர்த்துவையுங்கள். எது ஓடியது, எது ஓடவில்லை என்று பின்பக்கம் பிள்ளைகளையே எழுதச் சொன்னால் அடுத்த நவம்பரில் பாதி வேலை மிச்சம். போன வருஷக் கவரைப் பிரித்தபோது கல்கல் சீட்டின் பின்னால் சின்னவள் எழுத்தில் இருந்தது: 'நான் 31 சுருட்டினேன். அண்ணன் 12. தின்னது மட்டும் அவன் அதிகம்.'